பிழியாத துணி

கை சுளுக்கு என்று நடித்தாளாம், வேலையைக் கெடுத்தாளாம், கேட்டதும் கோபித்துக்கொண்டு போனாளாம். மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்காது. அந்தக் கை வீங்கிக் கிடந்ததைப் பார்த்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அவளுடைய அண்ணன் பட்டறையில் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். அடிப்பதற்கு முன் வடிகட்டுவது அவள் வேலை. பதினெட்டு வருஷம் அதைத்தான் செய்தாள். வாளியின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, பெயிண்டை ஊற்றிவிட்டுக் காத்திருப்பாள். பிழிந்தால் சீக்கிரம் இறங்கும். கசடும் சேர்ந்து இறங்கிவிடும். அதனால் துணியில் யாரையும் கை வைக்க விடமாட்டாள். ‘வடிகட்டி அக்கா’ என்றுதான் பட்டறையில் பெயர். பேச்சும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்று கேலி செய்வார்கள்.

ஒருநாள் பெரிய டின்னைத் தூக்கும்போது வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. அண்ணனே மருந்து தடவிக் கட்டுப் போட்டார். மறுநாள் காலையில் வீட்டு ஈரத் துணியைக்கூட அவளுடைய மகள்தான் பிழிந்து காயப்போட்டாள். அன்று மதியம் இவள் சாப்பிடப் போன நேரத்தில், அண்ணன் மகளைக் கட்டியவர், வேலைக்குப் புதிது, பொறுமையில்லாமல் துணியை முறுக்கிப் பிழிந்துவிட்டார். முறுக்கியபடியே போட்டும் வைத்திருந்தார். அண்ணனும் அதைப் பார்த்தார். ஆனால் அதற்குள் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. காய்ந்தபின் பன்னிரண்டு கதவும் மணல் தூவியதுபோல் சொரசொரத்தன.

கதவை எடுக்க வந்தவர், யார் செய்த வேலை என்று கேட்டு வாசலிலேயே நின்றார். அண்ணன் தங்கையை உள்ளே கூப்பிட்டார்.

“நீ பிழிஞ்சேன்னு சொல்லிடும்மா. கல்யாணமாகி ரெண்டு மாசம்தான் ஆகுது. மாப்பிள்ளைக்குத் தலைகுனிவாயிடும்.”

“எனக்கு ஆகாதாண்ணே?”

“நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உன்னை யாரு என்ன சொல்லப் போறாங்க?”

“இந்தக் கையாலயா பிழிஞ்சேன்? கட்டுப் போட்டது நீங்கதானே?”

அண்ணன் வெளியே போய், தங்கைதான் கவனக்குறைவாகப் பிழிந்துவிட்டாள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

உள்ளே அது தெளிவாகக் கேட்டது. அவள் கைக்கட்டின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். கட்டுத் துணியை இடது கையாலேயே மடித்து அண்ணன் மேஜையில் வைத்தாள். அவள் வெளியே வந்தபோது வாசலில் நின்றவர் வீங்கிய அந்த மணிக்கட்டைப் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

கோபித்துக்கொண்டு போனாளாம். கதவைக்கூட அவள் சத்தமாகச் சாத்தவில்லை.