அறுபது சீட்டும் இரண்டு பொட்டலமும்

சீட்டாடுகிறவள் என்று எங்கள் வீட்டில் எனக்கொரு பெயர் உண்டு. இது காசு வைத்து ஆடும் ரம்மி இல்லை. பாக்கெட் பாக்கெட்டாக விற்கும் படச் சீட்டுகளைச் சேர்த்து, ஆளுக்கு அறுபது சீட்டில் ஒரு கட்டு அமைத்துக்கொண்டு வந்து மோதுகிற ஆட்டம். இதை அத்தையிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு விவகாரம் எதுவானாலும் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

"கலைக்கிறீங்க இல்ல? அப்பறம் என்னா, சீட்டாட்டந்தான்" என்று அதையும் முடித்துவிட்டார்.

நான் கடத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மபுரியில் ஒரு செல்போன் கடை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி ஆடுவோம். மற்றவர்கள் சீட்டைக் கலைத்தபடி ஊர்க்கதை பேசுவார்கள், நான் வாய்க்குள் வகுத்துக்கொண்டிருப்பேன். நமக்கு வேண்டிய சீட்டு கட்டில் நான்கு இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு சீட்டில் அது ஒன்றாவது வருவதற்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ஒருநாள் எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கம்பைநல்லூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர்.

"அப்ப அறுவது வராதுங்களா டீச்சர்? வராததுக்கு எதுக்குங்க இத்தன கணக்கு?" என்று கேட்டுவிட்டு ஏழு சீட்டை எடுத்தார். அவருக்கு வேண்டியது அதில் இரண்டு இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகவே அடுத்த ஞாயிறும் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்தேன். ஒரு வருடம் இப்படி ஆத்திரப்பட்ட பிறகுதான் அது ஆத்திரம் இல்லை என்று எனக்குப் பிடிபட்டது. ஒரு கணக்கு டீச்சருக்கு இவ்வளவு நேரம் பிடித்திருக்கக் கூடாது.

அவருக்கும் அப்படித்தான் என்று தெரிந்ததும் கல்யாணப் பேச்சை வீட்டில் எடுத்தோம். அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் மாதா படம். எங்களுக்குக் குலசாமி. சாதி ஒன்றுதான், சாமிதான் வேறு. அதனால் பாதிச் சண்டை மிச்சம் என்றார் அவர். மீதிப் பாதியை அத்தை ஒருவரே போட்டார். அம்மா அழுதார். அப்பா அந்தக் காயில் கடைக்காரரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னார்.

"சாமிகிட்டப் பூக் கேட்டுப் பாத்துரலாம். அது என்னா சொல்லுதோ அதான்."

வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. பாதிக்குப் பாதி. அறுபதில் நான்கை வைத்துக்கொண்டு அல்லாடியவளுக்கு இது பெரிய அதிர்ஷ்டம்தான். ஆனால் சீட்டு வராவிட்டால் ஓர் ஆட்டம் போகும், அவ்வளவுதான். இங்கே அவரே போய்விடுவார். அதுவும் மாதா வீட்டு மாப்பிள்ளை வேண்டுமா என்று எங்கள் குலசாமியிடமே கேட்பதை என்னவென்று சொல்ல. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. சீட்டாடுகிறவள் பேச்சுக்கு அங்கே என்ன மரியாதை?

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நான்கு பேரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தாம்பாளத்தில் போட்டு உருட்டிய உருட்டைப் பார்த்தபோது, எங்கள் மாடியில் ஒருத்தருக்கும் ஒழுங்காகக் கலைக்கத் தெரியாது என்று புரிந்தது. ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"பாத்தியா" என்றார் அத்தை.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "சாமி யோசன பண்ணுது பூசாரி. ஒரு சேவல் விடறேன்னு சொல்லி இன்னொருக்கா கேளுங்க."

எங்கள் வழக்கத்தில் இதற்கு இடம் உண்டு. எங்கள் ஆட்டத்திலும் உண்டு. முதல் கை உருப்படாமல் போனால் காட்டிவிட்டு, மறுபடி கலைத்து எடுக்கலாம். அதற்கு அபராதமாக எதிராளி ஒரு சீட்டு கூடுதலாக எடுத்துக்கொள்வார். அங்கே எதிராளிக்குச் சீட்டு, இங்கே சாமிக்குச் சேவல். இரண்டு தடவை கேட்டால் ஒரு வெள்ளையாவது வர நாலில் மூன்று வாய்ப்பு என்று அந்த நேரத்திலும் மனசு வகுத்தது.

மறுபடி சிவப்பு.

"கெடா வெட்டறேன்" என்றார் அப்பா.

"மூணு தரத்துக்கு மேல கேக்கக் கூடாதுடா" என்றார் அத்தை.

மூன்று தடவை கேட்டால் எட்டில் ஏழு. ஆனால் அது வீட்டை விட்டுக் கிளம்பும்போது போட வேண்டிய கணக்கு. இரண்டு சிவப்பு வந்து முடிந்த பிறகு மிச்சம் இருப்பது மறுபடியும் பாதிதான், முன்னால் வந்த பூ அடுத்த பொட்டலத்துக்குத் தெரியாது. விடைத்தாளில் பிள்ளைகள் தப்பாக எழுதினால் நான் சிவப்பு மையால் கோடு போடுகிற இடம் இது. எல்லாம் தெரிந்தும், சாமி இந்தத் தடவை எனக்கு வெள்ளையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அடம் பிடித்தேன்.

மூன்றாவதும் சிவப்பு.

இந்த முறை அத்தைகூட "பாத்தியா" என்று சொல்லவில்லை. மூன்றும் சிவப்பாக வர எட்டில் ஒன்று வாய்ப்பு, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வகுப்பில் கேட்டால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். அங்கே அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

அப்பா கருவறைப் பக்கம் நகர்ந்தார். தாலுகா ஆபீஸில் பியூனிடம்கூடக் கை கட்டிப் பேசுகிற மனுஷன், பக்கத்துக் காட்டுக்காரரிடம் வரப்புச் சமாச்சாரம் பேசுவது போலச் சாமியிடம் பேசினார்.

"தாயே, மூணு தரம் கேட்டேன். மூணு தரமும் வேணான்னுட்ட. செரி, உனக்குப் புடிக்கல. எம்புள்ளைக்குப் புடிச்சிருக்குது. நீ கொஞ்ச நாளைக்குக் கோவமா இரு. நான் வந்து வந்து சமாதானம் பண்ணிக்கிறேன். சேவலும் கெடாவும் சொன்னது சொன்னதுதான்."

"டேய், சாமியே வேணாங்குது!"

"கேட்டது நான்தானக்கா. கோவம் என்மேல இருக்கட்டும்."

பிறகு என்னிடம் திரும்பி, "எழுந்திரு கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். அப்பாவை மட்டும் நான் எதிலும் சேர்க்கவே இல்லை.