கரண்ட் போன ஜெபக்கூட்டம்

1986 மே மாதத்தில் என் மகள் எஸ்தரை மதுரைக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு செய்தேன். புத்தி மந்தமான பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் விடுதி ஒன்று அங்கே இருந்தது. நேரில் போய், ஜூனில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. நான் அழவில்லை. அழுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பிரியமானவர்களே, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் வழக்கமாகக் குடித்துத் திருந்தியவர்களாக இருப்பார்கள். கேட்கவும் சுவையாக இருக்கும். நான் வெறும் விரிவுரையாளன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர் பயிற்சி பெறுகிறவர்களுக்குக் கல்வித் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு ராஜபாளையத்தில். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன், சாயங்காலம் நின்றுகொண்டு வருவேன், நடுவில் வகுப்பிலும் நிற்பேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த உறுதியான நிலைப்பாடு அது ஒன்றுதான்.

நான் நடத்திய நவீனத் தத்துவங்கள் பல. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று மட்டும் எனக்குள்ளேயே குடிவந்துவிட்டது. அளக்க முடிந்ததுதான் உண்மை, மற்றதெல்லாம் மனத்தின் ஆறுதல் என்பது அது. பிள்ளை என்றால் தூண்டலுக்குத் துலங்கல் காட்டும் ஓர் உயிரி. ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில், மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன் என்பதற்கு ஆமென் சொல்வேன். திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் ஓர் உயிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட் தூரம். அந்தத் தூரத்தை வருஷக்கணக்கில் போய்வந்ததில் ஜெபம் என்பது எனக்குப் பல் துலக்குவதைப்போல ஆகிவிட்டது. விடாமல் செய்தேன், யாரோடும் பேசவில்லை.

இந்த நிலையில்தான் எஸ்தரின் பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

“சார், நீங்க வாத்தியாருக்கே வாத்தியாரு. ஒங்களுக்கு நான் சொல்லணுமா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா. போர்டுல எழுதிக்கிட்டே சொன்னா ஒன்னும் ஏறல. அடுத்த வருஷம் வேற எடம் பாத்துக்கிடுங்க.”

சாதாரணத் தகப்பனாக இருந்தால் பிள்ளையை மடியில் உட்காரவைத்து என்னம்மா என்று கேட்டிருப்பான். நான் படித்தவன் அல்லவா? எங்கள் நிறுவனத்தின் உளவியல் அறையிலிருந்து நுண்ணறிவுச் சோதனைப் பெட்டியை வாங்கிவந்தேன். மரக்கட்டைகள், படங்கள், கேள்வித்தாள். சோதிப்பவர் முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டக்கூடாது என்பது விதி. அப்பன் முகத்தில் குறிப்பு இல்லாமல் இருக்குமா? ஆகவே கேள்வித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய் வாசித்தேன். கட்டைகளை அடுக்கினாள். படங்களைச் சரியாகத்தான் சேர்த்தாள். கேள்விகளுக்கு மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிப் பார்த்தால், வெளியே சொல்ல முடியாத ஓர் எண் வந்தது. நான் அதை நம்பினேன். வேதத்தைக்கூட அவ்வளவு சந்தேகமில்லாமல் நான் நம்பியதில்லை.

என் மனைவி கிரேஸ் நம்பவில்லை. அவள் நூற்பு மில்லில் வேலை பார்ப்பவள்.

“எங்கிட்ட நல்லாத்தானேங்க பேசுதா? நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுதாளே.”

“அது தாய்ப்பாசம். சோதனையில அதுக்கு மார்க் கெடையாது.”

“அப்பம் அந்தச் சோதனைய நீங்களே வச்சுக்கிடுங்க. பிள்ளைய நான் வச்சுக்கிடுதேன்” என்றாள். அதன்பின் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆண்டவரிடம் பேசினாள். வேலைக்குப் போகும்போதும் சோறு வடிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

மே கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தபோது, பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு ஜெபம் தானாக வந்தது. அழகான ஜெபமில்லை. “ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓய்ந்துவிட்டேன். கொஞ்சம் வெளிச்சம் காட்டும்.” அவ்வளவுதான். அதற்குள் நடத்துனர் உள்ளே தள்ளிப் போகச் சொல்லிவிட்டார்.

எங்கள் சபையில் ஒரு விஷயம் பரவ வேண்டுமானால் அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னால் போதும். எஸ்தரின் விஷயம் அதற்குள் பக்கத்து ஊரான செட்டியார்பட்டிவரை போயிருந்தது. கூட்டத்தை நடத்திய ஞானம்மா அக்கா என்னை வைத்துக்கொண்டே, “அதிகமாப் படிச்சுக் களைச்சுப்போன இந்தச் சகோதரனையும் நினைத்தருளும் சுவாமி” என்று ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன். மறுக்க வழியில்லை.

பிறகு எஸ்தரின் முறை. சிறு பிள்ளைகள் ஜெபம் பழகுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தாய் ஒரு வரி சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லும். கிரேஸ் எதிரே முழங்காலிட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். எஸ்தர் பிசகில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்போது கரண்ட் போயிற்று.

கிரேஸ் நிறுத்தவில்லை. அடுத்த வரி சொன்னாள். பதில் இல்லை. அதற்கடுத்த வரி. பதில் இல்லை.

“இருட்டுக்குப் பயந்துட்டா. சொல்லு தாயி” என்றார் ஞானம்மா அக்கா. சத்தமே இல்லை. அக்கா தடவித் தடவித் தீப்பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றினார். தாயின் முகம் தெரிந்தது. அந்த நொடி கிரேஸ் சொல்லிக்கொண்டிருந்த வரியை எஸ்தர் சொன்னாள். இருட்டில் போன வரிகளைச் சொல்லவில்லை. பயந்த குரலும் இல்லை.

நான் எழுந்துபோய் விளக்கை ஊதி அணைத்தேன்.

“ஏன் சார் அணைக்கிய?” என்றது ஒரு குரல்.

“செத்த நேரம் பொறுங்க. கிரேஸ், நீ சொல்லு.”

சொன்னாள். எஸ்தர் மௌனம். விளக்கை ஏற்றினேன். எஸ்தர் பேசினாள். மறுபடி அணைத்தேன், ஏற்றினேன். ஞானம்மா அக்கா, “சார்வாளுக்கு முத்திப்போச்சு” என்று பக்கத்தில் முணுமுணுத்தது கேட்டது. கிரேஸ்தான் முதலில் அழுதாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மில்லுக்குள் எந்திரச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அங்கே வேலை செய்பவர்கள் எதிராளியின் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாக அசைத்துப் பேசுவார்கள். கிரேஸ் வீட்டிலும் அப்படித்தான் பேசுவாள். எஸ்தர் தாயின் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிய டீச்சருக்கும், உதட்டை மூடிய மீசையும் தாளுமாய் உட்கார்ந்த தகப்பனுக்கும் வாய் கிடையாது.

மதுரைக்குப் போனோம், விடுதிக்கல்ல, காது டாக்டரிடம். “சின்ன வயசுல சீழ் வடிஞ்சுதா?” என்று கேட்டார். “வடிஞ்சுது டாக்டர், பொறவு தானா நின்னுபோச்சு” என்றாள் கிரேஸ். சீழோடு கேட்கும் திறனிலும் பெரும்பகுதி போயிருந்தது. காது கேட்பதற்கு, நெஞ்சில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவி கொடுத்தார்கள். பள்ளியில் முன்வரிசையில் இடம் கிடைத்தது.

சாட்சிகளில் வரும் பிள்ளைகள் கடைசியில் முதல் மதிப்பெண் எடுப்பார்கள். எஸ்தர் எடுக்கவில்லை. கணக்கில் ஒருமுறை தோற்றாள். இன்று கல்லூரியில் வரலாறு படிக்கிறாள், என்னைக் கிண்டல் செய்யும் அளவுக்குப் புத்தியோடு இருக்கிறாள்.

என் தத்துவப் புத்தகங்களை எரித்தேன் என்று சொன்னால் இந்தச் சாட்சி இன்னும் நன்றாக இருக்கும். எரிக்கவில்லை. இன்றும் அவற்றையேதான் நடத்துகிறேன். விளக்கை அணைத்து ஏற்றிச் சோதித்தேனே, அந்த முறையைக் கற்றுத்தந்ததும் அவைதான். அளப்பது பாவமில்லை. நமக்கு முன்னே உட்கார்ந்திருப்பது யாருடைய சாயல் என்பதை மறந்துவிட்டு அளக்கும்போது, முகத்தை நாமே மறைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் புத்தியில்லை என்று எழுதிவிடுகிறோம். இதை ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். மீசையையும் எடுத்துவிட்டேன்.

களைப்பு இன்னும் தீரவில்லை. பஸ்ஸில் இப்போதும் நின்றுகொண்டுதான் போகிறேன். ஆனால் அந்தத் தூரம் முழுக்க ஒருவரோடு பேசிக்கொண்டு போகிறேன். உங்களில் யாராவது என்னைப்போல ஓய்ந்துபோயிருந்தால் அவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வேண்டுமென்பதில்லை. நான் வெளிச்சம் கேட்டேன். அவர் இருந்த விளக்கையும் அணைத்தார். அப்போதுதான் எனக்குக் கண் தெரிந்தது.

இப்போது எங்கள் குடும்ப ஜெபத்தில் நான் தலையைக் குனிந்தால், ஒரு கை வந்து என் மோவாயை நிமிர்த்திவிடும்.

“மொகத்தத் தூக்கி ஜெபம் பண்ணுங்கப்பா. நானும் ஆமென் சொல்லணும்லா.”