கேட்டில் வாசித்த திருத்தம்

மெழுகுத்தாளில் ஊசியால் எழுத்து வெட்டிப் பிரதி எடுப்பவர்களே, நம் தொழிலில் பிழையும் நாற்பது பிரதியாகத்தான் பிறக்கும்.

எழுபதுகளில் கேரளத்து வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்தில் நடந்த அநீதிகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, எஸ்டேட் பள்ளியில் தமிழ் ஐந்தாம் வகுப்போடு நின்றது. இரண்டாவது, தனியாக பிரீடிகிரி, அதாவது அந்த ஊர் பி.யூ.சி., எழுதிய தொழிலாளிகளுக்குத் தமிழில் கணக்கு நோட்ஸ் இல்லை. மூன்றாவது, அதை அச்சடிக்க அச்சகம் மறுத்தது. அதனால் எங்கள் தொழிற்சங்கத்து சைக்ளோஸ்டைல் மெஷினில் நான் அடித்தேன். நான்காவது கீழே வருகிறது.

நீளக் கோடு

(x² + 3x + 2)/x என்பதைத் தொகையிட வேண்டும். பின்னக் கோட்டை நீளமாக இழுத்ததும் தாள் கிழிந்து, மேல்வரி தொங்கியது. நோட்ஸ் எழுதித் தந்த கல்பாத்திக்காரர், சங்கரன் வாத்தியார், எட்டிப் பார்த்தார்.

"x + 3 + 2/x-ன்னு பிரிச்சு, ஒவ்வொண்ணா தொகையிடும் ஓய். தாளும் பொழைக்கும், படிக்கறவாளும் பொழைப்பா."

சம நீதி

துண்டுப்பிரசுரம் படித்து வளர்ந்தவன் நான். முதல் இரண்டு உறுப்புக்கும் ஒரே விதி: அடுக்கோடு ஒன்றைக் கூட்டு, வந்ததால் வகு. மூன்றாவதற்கு மட்டும் வாத்தியார் 2 log x என்று எழுதியிருந்தார். ஒருவனுக்கு மட்டும் தனிச் சலுகையா? பொதுவிதியையே அதற்கும் போட்டு வெட்டினேன். கீழே பூஜ்யம் வந்தது, கவலைப்படவில்லை. நாற்பது பிரதியும் தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் போயின.

மறுநாளே மாரியம்மாள் தாளோடு வந்தாள். கொழுந்து எடுப்பவள். இரண்டு நாளில் பரீட்சை. இந்த ஒரு முறைதான் லீவு என்று கங்காணி சொல்லியிருந்தார்.

"கொழுந்து இருக்கு, பங்கு வாங்க ஆளே இல்ல. பூஜ்யத்தால எப்படி அண்ணாச்சி வகுக்கது?"

திருத்தம்

வாத்தியார் தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அடுக்கு மைனஸ் ஒன்றானால் அந்த விதி செல்லாது, அதற்குத்தான் லாக் என்றார். சத்தமில்லாமல் ஒரு திருத்தச் சீட்டு அனுப்பலாம் என்றும் சொன்னார். எனக்கும் அதுவே பிடித்தது. மாரியம்மாள் விடவில்லை.

"சீட்டு எல்லார் கைக்கும் போய்ச் சேராது. மேனேஜர் தப்பு செஞ்சா கேட்டு மஸ்டர்ல, அத்தன பேருக்கு முன்னால பேர வாசிப்பீயளே. உங்களுக்கு மட்டும் தனிச் சலுகையா அண்ணாச்சி?"

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் நேரத்தில், மூன்று டிவிஷன் கேட்டிலும் நின்றேன். தப்புத் தாள் நாற்பதும் திரும்பி வந்தன. மாரியம்மாள் பரீட்சை எழுதினாள், தேறினாள். அன்று சாட்சிகள் முன் நான் வாசித்தது இதுதான்: "2/x-ஐத் தொகையிட்டால் 2 log x. தப்பாக வெட்டியவன் பெயர், சு. முத்தையா."

நான் கேட்டில் வாசித்த பெயர்களில் இன்றுவரை மறுப்பு அறிக்கை விடாத ஆள் அவன் ஒருவன்தான்.