மறுமுனை பிடித்தவள்

என் தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அவன் பிறந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது என்றார் அப்பா. வயிற்றைத் திறந்து எடுத்தார்கள் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. ரத்தம் நிற்கவில்லை என்று யாரோ போனில் பேசியது காதில் விழுந்தது. சர்ச்சு முக்கில் நிற்கும் அண்ணன்மார் நாலு பேர் ரத்தம் கொடுக்கவென்று இரண்டு பைக்கில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திறந்த வயிறு, நிற்காத ரத்தம், பைக்கில் போகிற ரத்தம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். என்னிடம் நேராக யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டால், "அம்ம நாளைக்கு வருவா" என்றார்கள். அந்த நாளை வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று.

அத்தனை நாளும் நான் மாமி வீட்டில் இருந்தேன். மாமி என்றால் அப்பாவின் அக்கா. கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டை ஒட்டியே அவளுடைய வீடும் தையல் கடையும். அப்பா பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். படகுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்த அவரிடம் கேள்வி கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா ஆட்டோவை விட்டு இறங்கிய அன்று நான் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெளுத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவளைக் கண்டதும் பயம் வந்துவிட்டது. அவளது நைட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போகவே கூடாது என்று ஊரைக் கூட்டினேன். வெறும் வாய்ப்பேச்சு போதாது, என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் அடம்பிடித்தேன்.

"ஏட்டி, அவள விடு. நிக்க ஒக்குமா அவளுக்கு?" என்று மாமி அதட்டினாள்.

அம்மா என் தலையில் கை வைத்தாள். "சத்தியமாட்டு போவ மாட்டேன். போதுமா மக்கா?"

போதும் என்று விட்டுவிட்டேன். ஐஸ்கிரீமுக்கும் பென்சில் பெட்டிக்குமாக அவளிடம் நான் வாங்கிய சத்தியங்களுக்குக் கணக்கில்லை. அதில் இதுவும் ஒன்று.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வேது குளியும் வயிற்றுக் கட்டும் உண்டு. இலைகள் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளிப்பாட்டி, நீளத் துணியால் வயிற்றை இறுகச் சுற்றுவார்கள். சுற்றாவிட்டால் வயிறு சரிந்து ஆயுசுக்கும் அப்படியே நின்றுவிடுமாம். தையல் ஆறும்வரை வெந்நீரும் வேண்டாம், கட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாமி நியாயஸ்தி. டாக்டருக்குப் பாதி, ஊருக்குப் பாதி என்று தீர்ப்புச் சொன்னாள். குளி வேண்டாம், கட்டு உண்டு. தொழில்காரியின் கண்ணோடு அம்மாவின் வயிற்றைக் குனிந்து பார்த்து, "தையல் நேராட்டு உண்டு. ஆனா தச்ச இடத்துக்கு மேல ஒரு பிடிமானம் வேணும் ஆக்கும்" என்றாள். முப்பது வருடமாக ஊசி பிடிப்பவளிடம் தையலைப் பற்றி யார் எதிர்த்துப் பேசுவது?

பாலராமபுரத்துப் பழைய வேட்டிகள் இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தது அந்தத் துணி. ஒரு முனையை மாமி அம்மாவின் இடுப்போடு அழுத்திப் பிடிப்பாள். மறுமுனையோடு ஒருவர் அறையின் அந்தக் கோடியில் நிற்க வேண்டும். அம்மா மெல்லச் சுற்றிச் சுற்றித் துணிக்குள் வருவாள். மறுமுனைக்காரர் விட்டுக்கொடுக்காமல் பிடித்தால்தான் கட்டு இறுகும். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. வீட்டில் முதல்முறையாக எனக்கு ஒரு விஷயத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்! கதவு நிலையில் காலை ஊன்றிக்கொண்டு, தேர்வடம் பிடிக்கிறவள்போல இழுத்தேன்.

மூன்றாம் நாள் அப்படி இழுத்தபோது அம்மாவிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. வேதனை உண்டா என்று மாமி கேட்டதற்கு இல்லை என்று சிரித்தாள். மறுநாள் காலையில் நான் அறைக்குள் நுழைந்தபோது அம்மா அவிழ்த்த துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை. கெட்ட வாடை அடித்தது.

"மாமிட்ட சொல்லாத மக்கா. அப்பாட்டயும் சொல்லாத" என்றாள் அம்மா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் இழுத்த இழுப்பில் தையல் கிழிந்துவிட்டது. எனக்கு அடி விழாமலிருக்க அம்மா மறைக்கிறாள். இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு, மாமி வருமுன்பே அம்மா தானாக ஒரு துண்டை மடித்து அடியில் கட்டிக்கொண்டு நின்றாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, இழுக்காமல் இழுப்பதுபோல் நடித்தேன். "பிள்ளைக்குச் சோறு இறங்கலியா? இறுக்கிப் பிடி" என்பாள் மாமி. முகத்தைக் கோணிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, துணியைத் தளரவிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மாவின் உடம்பு சுட்டது. பால் கட்டினால் காய்ச்சல் வரும் என்று மாமியிடம் சொல்லிவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்கினாள். சொன்னால் நான் குற்றவாளி. சொல்லாவிட்டால் அம்மாவுக்கு என்ன ஆகும்? மூன்று நாள் இதையே சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

கறையைப் பார்த்த மூன்றாம் நாள் மாலையில் ஆஷா சேச்சி வந்தாள். பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் வந்து எடை பார்த்து எழுதிக்கொண்டு போகும் சுகாதாரப் பணியாளர் அவள். தம்பியைத் தூக்குத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் அம்மாவிடம், "வேற பிரச்னம் ஒந்நும் இல்லல்லோ?" என்று கேட்டாள்.

"ஒந்நும் இல்ல" என்றாள் அம்மா.

"நான்தான் இழுத்தேன்!" என்று நான் அலறினேன். "நான்தான் கிழிச்சேன்! மாமி இறுக்கிப் பிடிக்கச் சொன்னாவ, நான் பிடிச்சேன்!"

சேச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து எதையோ விளங்கிக்கொண்டு, அருகில் போய்க் கட்டை அவிழ்த்தாள். "ஐயோ, இது பழுத்துப்போயல்லோ! இப்போத் தன்னே ஆஸ்பத்திரியில் போணம்" என்றாள். மாமி எட்டிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "என் கண்ணு முன்னால தானே நின்னா, எனக்குத் தெரியாம போச்சே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆட்டோ வந்தது. தம்பியை எடுத்துக்கொண்டு சேச்சி முதலில் ஏறினாள். அம்மா ஒரு காலை ஆட்டோவுக்குள் வைத்தவள் நின்றுவிட்டாள். என்னைக் கூப்பிட்டாள். கிட்டே போனதும் என் தலையில் கை வைத்தாள். கை கொதித்தது.

"நான் போவட்டா மக்கா? நீ போவச் சொன்னாத்தான் போவேன்."

"பிள்ளைட்ட கேட்டுட்டு நிக்கிற நேரமா இது? ஏறு!" என்று மாமி கத்தினாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அம்மா ஏறவில்லை. எனக்கு ஒரே குழப்பம். நான் செய்த காரியத்துக்கு எல்லோர் முன்னாலும் என்னைத் தண்டிக்கிறாளா, காய்ச்சலில் உளறுகிறாளா? "போ" என்றேன்.

"மனசோட சொல்லு."

"போயிட்டு வா அம்மா."

அம்மா கையை எடுத்தாள். பிறகுதான் ஏறினாள்.

புண்ணைத் திறந்து சுத்தம் செய்து, நாளும் மருந்து வைத்துக் கட்டி, அவள் வீடு திரும்ப ஒரு மாதம் ஆனது. சீழ் முதலிலேயே உள்ளே பிடித்திருக்கிறது, கட்டின் புழுக்கம் அதை வளர்த்துவிட்டது, சின்னப் பிள்ளை இழுத்துத் தையல் கிழியாது என்று டாக்டர் சொன்னதாக அப்பா என்னைத் தேற்றினார். நான் நம்பவில்லை.

அம்மா வேதியியல் படித்தவள். ராகுகாலம் பார்ப்பவர்களைக் கேலி செய்பவள். ஒரு தும்மலுக்கே டாக்டரைத் தேடுகிறவள் அந்த மூன்று நாளும் ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்பா எத்தனையோ முறை கேட்டும் அவள் சொன்னதில்லை. தலையில் வைத்த சத்தியம் பொய்த்தால் அந்தத் தலைக்கு ஆகாது என்பதை அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் என் தலையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. இதை நான் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆயின.

அன்று ஆட்டோ வளைவு திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே நின்று, துணி இழுத்த என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.