மார்க்கு அக்காவும் மேற்கு வாசலும்

எந்தக் கூட்டமானாலும், பேச்சாளர் தொண்டையைச் செருமுவதற்குள் மார்க்கு அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். மடியில் நீள நோட்டு. வந்தவர் எத்தனை, பேசியவர் எத்தனை, யார் பேச்சால் திட்டத்தில் ஒரு வரியாவது மாறியது என்று மூன்று கட்டங்கள். தூங்குகிறவருக்குச் சின்ன வட்டம். குறட்டை விட்டால் வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி.

பழைய கோட்டையைப் பராமரிக்கும் திட்டத்தில் அக்கம்பக்கத்து மக்களுக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து, பத்துக்கு மதிப்பெண் போடுவது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் மார்க்கு அக்கா.

"வந்த தலைய எண்ணுறதுக்கு நான் எதுக்கு? காலி டீ கப்ப எண்ணுனா போதாதா?" என்பார்.

வீட்டிலும் விடமாட்டார். "இன்னிக்கு நீங்க ரெண்டே வார்த்தைதான் பேசியிருக்கீங்க. ரெண்டும் உப்பப் பத்தி!" கணவர் பாவம், மூன்றாவதாக ஒரு வார்த்தை தேடுவார்.

ஒரே ஒரு விரதம் உண்டு. அளக்கிறவர் கூட்டத்தில் வாயும் திறக்கக் கூடாது, கையும் நீட்டக் கூடாது. பத்தொன்பது வருடமாக அதைக் காப்பாற்றி வந்தார்.

கடைசிக் கூட்டம் வந்தது. அன்று யாரும் மறுக்காவிட்டால் கோட்டையின் மேற்கு வாசலுக்கு நிரந்தரப் பூட்டு. அந்த வழியாகத்தான் இஸ்திரி போடும் பெண்கள் துணிமூட்டையோடு தெருவுக்குப் போகிறார்கள். மூடினால் முக்கால் மணி நேரச் சுற்று. அவர்களும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், வருகைப் பதிவில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஆனால் மைக் அங்கே மேடைக்குப் பக்கத்தில் நின்றது. மார்க்கு அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த இஸ்திரிக்காரி பேச இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டாள்.

"வேற யாரும் இல்லையே? அப்போ முடிச்சுக்கலாம்" என்றார் அதிகாரி.

மார்க்கு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் மைக்கை ஸ்டாண்டோடு தரதரவென்று இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்தினார்.

"மேடம், நீங்க அளக்கத்தானே வந்தீங்க?"

"அளக்குறதுக்கு ஏதாச்சும் இருக்கணும்ல சார்!"

இஸ்திரிக்காரி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சார், அந்தக் கதவ மூடிட்டா தலையில மூட்டையோட நாங்க எந்தப் பக்கம் போறது? நீங்களே ஒருநாள் தூக்கிட்டு நடந்து பாருங்க."

சபை சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, வரைபடத்தில் மேற்கு வாசல் மேல் போட்டிருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அடித்து நீக்கினார். அதைப் பார்த்ததும் கடைசி வரிசையில் நாலைந்து கைகள் ஒன்றாக உயர்ந்தன.

மார்க்கு அக்கா நோட்டை மூடி நாற்காலியில் வைத்தார். மைக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கையை நோக்கி நடந்தார்.