யூனிஸின் ஜெபமும் தபீதாளின் கண்களும்

யூனிஸின் பின்னங்கழுத்து தபீதாளுக்கு மனப்பாடம். சித்தூர் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் ஆராதனை செய்தாள். யூனிஸுக்கு இடம் முன் பெஞ்சில். தபீதாளுக்குப் பின்னால் தரையில், பாயில்.

இருவரும் குடிபாலா சேரியில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். ஒரே மிஷன் விடுதியில் படித்தவர்கள். பெற்ற நைனா செத்ததும் தபீதாளின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதே விடுதியின் அடுப்படிக்கு வேலைக்குப் போனாள். யூனிஸ் வாத்தியாரம்மா ஆனாள், மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் சுந்தர்ராஜைக் கட்டிக்கொண்டாள், பெஞ்சுக்குப் போனாள்.

பெஞ்சு, மிஷன் பள்ளியையும் விடுதியையும் கையில் வைத்திருந்த பழைய குடும்பங்களுக்கு உரியது. மதம் மாறியபோது விக்கிரகங்களை வாசலில் விட்டுவிட்டு, சாதியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் அவர்கள். அவர்களில் மூத்தவள் ஞானம்மாள். தலைமையாசிரியர் பெண்டாட்டியைப் பாயில் உட்காரச் சொல்ல முடியாமல், தன் பக்கத்தில் ஓர் ஓரம் ஒதுக்கியிருந்தாள்.

பெஞ்சைக்கூட தபீதாள் செரித்துக்கொண்டாள். ஜெபத்தைத்தான் செரிக்க முடியவில்லை. தபீதாள் கண்ணை மூடி "ஆண்டவரே" என்று தொடங்கினால் மூன்றாவது சொல்லுக்குள் யூனிஸ் வந்து நிற்பாள். புதுச் சேலையோடு வருவாள், கைக்கடிகாரத்தோடு வருவாள். ஆண்டவர் ஒதுங்கிப் போய்விடுவார்.

யூனிஸோ அசையமாட்டாள். அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் இராப்போஜனத்தன்று பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் முன்னால் போய் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அதுவரை இவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் முடித்த பிறகுதான் எழுந்து போவாள். பாய்க்காரர்கள் அவளுக்கும் பின்னால்.

"இன்னா பக்தி பாரு, சுத்தி நடக்கறதே தெரியல அவளுக்கு" என்று சபையே மெச்சியது. அந்த மெச்சல் தபீதாளின் வயிற்றில் அடுப்பாக எரிந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம். ஆண்டுக்கு ஒருமுறை பெண்களே ஆராதனை நடத்தும் ஞாயிறு நெருங்கியது. பிரதான ஜெபத்தை இந்த முறை பாயில் இருக்கும் ஒருத்திக்குத் தரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. தபீதாள் அது தனக்குத்தான் என்று நம்பினாள். சாம்பார் கொதிக்கக் கொதிக்கச் சொல்லிப் பழகினாள்.

கூட வேலை செய்த செங்கம்மாவுக்குச் சிரிப்பு. "ஏங்க்கா, உங்க சாமி கண்ண மூடினாத்தான் வருமா? நாங்க மலையேறிப் போய் நாள்பூரா நின்னு, கண்ணத் தொறந்து ஒரு நொடி பாக்கறோம். அதுக்குள்ள ஜரகண்டி, நகருன்னு தள்ளுறான். நீ இன்னான்னா சும்மாவே மூடிக்கினு கீற!"

"போடி, பருப்பைக் கிளறு" என்றாள் தபீதாள்.

போதகரின் மனைவி, எல்லாருக்கும் ஐயரம்மா, விடுதிக்கு வந்தபோது தபீதாள் தானே கேட்டுவிட்டாள்.

"யூனிஸைத்தான் போட்டிருக்கோம், தபீதா."

"அவ பெஞ்சுல கீறாளேம்மா?"

"இருந்தா என்ன? அவளும் உங்க ஊருதானே. அதோட, ஜெபத்துல அவளுக்கு இருக்கற கவனம் உனக்கு வருமா, சொல்லு."

 அன்று சோறு அடிப்பிடித்தது.

அந்த ஞாயிறு யூனிஸ் எழுந்து ஜெபித்தாள். சபை முழுவதும் கண்ணை மூடியது. தபீதாள் மூடவில்லை. ஒரு தடுமாற்றம், ஒரு திருட்டுப் பார்வை, ஏதாவது ஒன்று அகப்படாதா என்று அவளையே துருவினாள். யூனிஸின் குரல் இடறவில்லை. கன்னத்தில் கண்ணீர்கூட வழிந்தது. ஆமென் வந்தது. இராப்போஜனம் தொடங்கி எல்லாரும் மறுபடி தலைகுனிந்தபோதும் தபீதாள் கண்ணை எடுக்கவில்லை.

பெஞ்சு வரிசை எழுந்தது. யூனிஸும் எழுந்தாள். பாதி எழுந்திருப்பாள், ஞானம்மாளின் கை அவள் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தது. மாட்டைக் கட்டுத்தறியில் நிறுத்துகிற மாதிரி, திரும்பிக்கூடப் பார்க்காமல், பழகின கையால். யூனிஸ் உட்கார்ந்தாள். தலை குனிந்தாள். பக்தி தொடங்கிவிட்டது.

தபீதாளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அகப்பட்டாளா! அடுத்த மூச்சில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இத்தனை வருஷமாக அவள் பொறாமைப்பட்டது ஒரு தண்டனையைப் பார்த்தா? யார் வாய் வைத்த பாத்திரத்தில் யார் குடிப்பது என்கிற கணக்குக்குச் சபை வைத்த பெயரா பக்தி? எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வது யாருக்கு வசதி? அப்போதும் ஒரு ஓரத்தில் எரிந்தது: அவமானப்படுவதற்குக்கூட இவளுக்கு பெஞ்சு கிடைத்ததே!

அவள் பாயைவிட்டு எழுந்து பெஞ்சருகே போனாள்.

"ஏந்திருடி."

"உடுக்கா, வேணாம். அவருக்கு வேலை போயிடும்."

"ஏந்திருன்றேன். உன்ன இன்னும் எம்மா நாளைக்கு நான் முதுகுப் பக்கமாவே பாத்துக்கினு இருக்கறது?"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பலிபீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில், முழங்காலிட்டிருந்த ஞானம்மாளுக்கு முந்தின இடம் காலியாக இருந்தது. இருவரும் அங்கே முழங்காலிட்டார்கள். போதகர் ஒரு கணம் தயங்கி ஐயரம்மாவைத் தேடினார். ஐயரம்மா கண்ணை மூடியிருந்தாள். வேறு வழியில்லாமல் அப்பத்தைக் கொடுத்தார். பிறகு பாத்திரம் வந்தது. தபீதாள் குடித்தாள். யூனிஸ் குடித்தாள். அடுத்து ஞானம்மாளிடம் நீண்டபோது, அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து, நடுவழியாக வெளியே நடந்தாள்.

சபையில் சலசலப்பு எழுந்தது. யாரோ இருமினார்கள். யாரோ ஒருத்தி "ஐயய்யோ" என்றாள். நாளைக்கு விடுதியில் அடுப்பு மூட்டுவது தான்தானா என்று தபீதாள் யோசித்தாள். பயத்தில் பக்கவாட்டில் பார்த்தாள்.

யூனிஸ் கண்ணை மூடியிருந்தாள். அவளை இப்போது யாரும் பிடித்து அழுத்தவில்லை. உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கோயிலே கலகலத்துக் கிடக்க, அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

'அப்போ நெஜமாவே ஜெபம்தான் பண்ணிக்கினு இருந்தாளா, பாவி!' என்று தபீதாளின் வயிறு மறுபடி எரிந்தது. கண்ணை இறுக மூடி, "ஆண்டவரே" என்று முதலிலிருந்து தொடங்கினாள்.