அக்காவுக்கு மாவட்டத்தைக் காட்டினேன்

ஓசூரில் இத்தனை வருஷம் குடியிருந்தும், நான் பார்த்த வரலாற்றுச் சின்னம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எங்கள் கம்பெனி வாசலில் இருக்கும் எடைமேடையைத்தான் சொல்ல முடியும். அதுவும் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு போட்டதுதான். அப்படிப்பட்டவன் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெருமையை ஒரே நாளில் தன் அக்காவுக்குக் காட்டிவிடக் கிளம்பினான் என்றால், அன்றைக்கு அவனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அக்கா இருப்பது மன்னார்குடியில். அத்தான் போன தை மாதம் தவறிப்போனார். பிள்ளைகள் கிடையாது. அந்த வீட்டில் அவள் ஒற்றை ஆளாக உலை வைப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்களோடு வந்து இருந்துவிடு என்று போனில் மாதக்கணக்கில் கெஞ்சினேன். கடைசியில் ஆயுத பூஜைக்கு வந்து பார்க்கிறேன், மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்றாள். வந்தாள். பூஜை முடிந்ததும், செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்குத் திரும்ப டிக்கெட் போட்டுவிடு என்றாள்.

ஏன் என்று கேட்டேன். அவள் காரணத்தைத் தெளிவாகத்தான் சொன்னாள். நான் கம்பெனிக்குப் போய்விடுகிறேன், என் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுகிறாள். எங்கள் மாடியில் நாலு வீடு, நாலு கதவும் எப்போதும் சாத்தியே இருக்கிறது. மன்னார்குடியில் வாசலில் போய் நின்றால் போகிறவர்கள் வருகிறவர்கள் என்ன சமையல் என்றாவது கேட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, “இங்க எனக்கு என்னடா இருக்கு?” என்றாள்.

மூளை உள்ள எவனுக்கும் இது விளங்கியிருக்கும். எனக்கோ அவள் எங்கள் மாவட்டத்தைக் கேவலமாகப் பேசிவிட்டதாகப் பட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோட்டை இருக்கிறது, அணை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, ஆயிரக்கணக்கான வருஷத்துக் கற்கள் இருக்கின்றன என்று அடுக்கினேன். இவற்றில் ஒன்றைக்கூட நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலிருந்து அந்த அணைக்கட்டுக்காவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய் தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். எதையும் நேரம் குறிக்காமல் செய்ய வராது. அணைக்கு இவ்வளவு நேரம், கோட்டைக்கு இவ்வளவு நேரம், இடையில் டீக்கு இவ்வளவு என்று திட்டம் போட்டேன். கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி போனில் மாவட்ட வரலாறு படித்தேன். கை கழுவுவதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திங்கள்கிழமை லீவு சொல்லிவிட்டு அக்காவைக் காரில் ஏற்றினேன்.

முதலில் கிருஷ்ணகிரி அணை. பிறந்ததிலிருந்து காவிரித் தண்ணீரிலேயே கிடந்தவளுக்கு ஓர் அணையைக் காட்டி வாயடைக்க வைக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த அணைக்கு ஜனங்கள் போவதே பெரும்பாலும் அங்கே சுடச்சுடப் பொரித்துத் தரும் மீனுக்காகத்தான். அது புரட்டாசி மாதம், அக்கா கவிச்சி தொடமாட்டாள். புரட்டாசியில் அங்கே போவது, கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புவது மாதிரி. மீன் வாசனையை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினோம். நான் ஷட்டர்கள் மொத்தம் இத்தனை என்று கணீரென்று சொன்னேன். அக்கா விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள். நான் அவசரமாக அவளைப் பூங்காவுக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

பூங்காவில் எங்களைத் தவிர ஒரு காதல் ஜோடி இருந்தது. எங்களைக் கண்டதும் அதுவும் எழுந்து போய்விட்டது. அக்கா சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்தாள். இங்கே தினமும் யார் வருவார்கள் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அள்ளும் என்றேன். மற்ற நாளில் என்றாள். என் திட்டப்படி பூங்காவுக்கான நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கிளப்பினேன்.

அடுத்தது ராயக்கோட்டை. மலைமேல் கோட்டை, ஏறித்தான் போக வேண்டும். அக்காவுக்கு முட்டிவலி ஆயிற்றே என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன். பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான். கேன்டீன் சாப்பாடு என் வயிற்றில் தனியாக ஒரு கோட்டை கட்டியிருப்பது அன்றுதான் தெரிந்தது. நீ போ, நான் இந்தச் சுவர் கட்டியிருக்கிற விதத்தைக் கொஞ்சம் பார்க்கிறேன் என்றேன். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனாள். நான் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு அந்தச் சுவர்மேல் சாய்ந்து கிடந்தேன்.

இறங்கி வந்தவள், “நல்லாத்தான் இருக்கு. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ஆனா மேல ஒரு ஈ காக்கா இல்லடா” என்றாள். ஒரு காலத்தில் இங்கே ஒரு படையே இருந்தது என்றேன். “இப்ப இல்லையே” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மல்லச்சந்திரத்தில் இருக்கும் கற்திட்டைகளைத்தான் நான் பெரிதாக நம்பியிருந்தேன். அந்தக் காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்காகக் கற்பலகைகளை நட்டு, மேலே ஒரு பலகையை மூடிக் கட்டிய சின்னச் சின்னக் கல் வீடுகள் அவை. ஆனால் அதற்கும் ஒரு குன்று ஏற வேண்டும் என்று கேன்டீனில் படித்தது ஞாபகம் வந்தது. நேரமாகிவிட்டது என்று வண்டியை ஓசூர் பக்கம் திருப்பினேன். வழியெல்லாம் பச்சை வலை போட்ட குடில்களும் தக்காளித் தோட்டங்களும் போயின. அக்கா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். நாளைக்குப் போகிற பஸ் வழியில் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவான் என்று மட்டும் கேட்டாள். இந்த மாவட்டத்தில் உள்ள கல் அத்தனையும் சேர்ந்தும் என் அக்காவை ஒரு வாரம் கூடுதலாக நிறுத்தி வைக்க முடியவில்லை.

ஓசூரில் நாங்கள் இருக்கும் மூக்கண்டப்பள்ளிக்குள் நுழைந்தோம். எங்கள் வீடு இன்னும் இரண்டு தெருதான். ஒரு டிரெய்லர் லாரி அங்கிருந்த கம்பெனி ஒன்றின் கேட்டுக்குள் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்ததால் வண்டிகள் நின்றுவிட்டன. நானும் ஓரம்கட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். காம்பவுண்டு சுவரை ஒட்டிய புங்கமரத்தடியில் நட்டு வைத்த இரண்டு கற்பலகைகள். அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகை. முகப்பில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வாடிய சாமந்திச் சரம் போட்டிருந்தது. போனில் பார்த்த அதே வடிவம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கையைப் பிடித்து இறக்கினேன். இதுதான் கற்திட்டை, மூவாயிரம் வருஷம் இருக்கும், ஊர் ஜனங்கள் இன்னும் கும்பிடுகிறார்கள் பார் என்று ஆரம்பித்தேன். போன உசிருகூடத் தனியாக இருக்கக் கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் வீடு கட்டிக்கொடுத்தார்கள் என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டேன். சொன்ன பிறகுதான், யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. அக்கா செருப்பைக் கழற்றினாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடு அசைந்தது. யாரை நினைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. நானும் ஷூவைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்.

ஷிஃப்ட் விடுகிற நேரம். கேட்டிலிருந்து நீலக் கோட்டு போட்ட பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தி நேராக வந்து, மூவாயிரம் வருஷத்தின் மேல் டிபன் பையை வைத்து, தானும் ஏறி உட்கார்ந்தாள்.

சாமி கல்மேல் இப்படி உட்காரலாமா என்று நான் கம்பெனியில் பேசுகிற குரலில் அதட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் வெறுங்காலைப் பார்த்தாள்.

“எந்தச் சாமி சார்? சாக்கடை கட்டறப்ப மிஞ்சுன கல்லு. பஸ் வர்ற வரைக்கும் உக்கார நாங்கதான் இழுத்துட்டு வந்து போட்டோம்.”

அப்படியானால் மஞ்சள் குங்குமம் எதற்கு என்றேன்.

“ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வெச்சதுல மிஞ்சிச்சு, இதுக்கும் வெச்சோம். பைக்குக்கும்தான் வெக்கறோம் சார், ஏறி உக்காரறதில்லையா?”

எங்கள் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காத பொருள் கிடையாது. அந்த வருஷம் எங்கள் பிரிவின் தண்ணீர் கேனுக்குப் பொட்டு வைத்தவனே நான்தான். அந்தப் பாதையில் தினமும் இரண்டு வேளை போய்வருபவனும் நான்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கட்டிய புருஷனை நினைத்து ஒரு பெஞ்சைக் கும்பிட வைத்துவிட்டேனே.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்ததும் சிரிப்பு பீறிட்டது. தை மாதத்துக்குப் பிறகு நான் அவள் சிரித்துக் கேட்டது அப்போதுதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டு, உட்காருங்கம்மா என்றாள். அக்கா கற்திட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

அவள் நாலு வார்த்தை பேசுவதற்குள், நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கமா என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவளின் ஊர் நீடாமங்கலமாம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அணையில் ஆரம்பித்து இந்தக் கல் வீடு வரைக்கும் என் பிரதாபத்தை அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். பக்கத்துப் பேரிகை ஊர்ப் பெண் ஒருத்தி அதைத் தெலுங்கில் பக்கத்தவளுக்குச் சொன்னாள். அவள் இன்னொருத்திக்குக் கன்னடத்தில் சொன்னாள். என் மானம் மூன்று பாஷையிலும் போனது. வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று யாரோ அக்காவைக் கேட்டது என் காதில் விழுந்தது. பஸ் வந்ததும் எல்லோரும் கையாட்டிக்கொண்டே ஏறிப் போனார்கள்.

தெரு சட்டென்று அமைதியானது. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“இதுங்க நாளைக்கும் வருமாடா?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் இதே நேரத்துக்கு விடுவார்கள் என்றேன். ஷட்டர் கணக்கு மாதிரி இல்லை, இது எனக்கு உறுதியாகத் தெரியும்.

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்குச் சாயங்காலம் சுண்டல் பண்ணி எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டேன். அந்த டிக்கெட்டை என்ன பண்ணணுமோ பண்ணு” என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

நான் இன்னும் வெறுங்காலோடு அந்தக் கல் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.